முதல் தளம் வரை

சனிக்கிழமைகளில் வுப்பர்டாலில்
பேஸ்போல் ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவள் நான்.
மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு
குளிரில் சும்மா நிற்கப் பிடிக்காமல் வாங்கிய பேனை,
பிறகு யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அடித்த பந்து நேரே எதிராளியின் கைக்குள் உருண்டால்
அடித்தவன் அவுட்.
அது அவனுக்குத் தெரியும், நாய்க்கும் தெரியும்.
ஆனாலும் முதல் தளம் வரை ஓடவேண்டும்,
தொண்ணூறு அடி.
அந்த வீண் ஓட்டத்தைத்தான் அளந்தேன்,
யாருக்கும் சொல்லாமல்,
கோட்டுப் பொக்கற்றுக்குள் ஒரு நிறுத்துக் கடிகாரம்.

அப்போது மனேஜர் க்ரும்மாகர்.
தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடிப்பார்.
மழை நாளில் அது சேற்றோடு ஒட்டிக்கொள்ளும்,
பிய்த்து, உதறி, போட்டுக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து ஏசுவார்.
"நித்திரையிலா ஓடுகிறாய்?"
பதினாறு வயதுப் பெடியனைத்
தாய்க்கு முன்னால் கேட்டார்.
தாய் நான்தான்.
அன்றைய பக்கத்தில் பேனை தாளைக் கிழித்திருக்கிறது.

நிரோஜன்: நான்கு தசம் ஆறு வினாடி.

அடுத்த வருடம் அவரை அனுப்பிவிட்டு
ஓபர்பெக்கைக் கொண்டுவந்தார்கள்,
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.
வெள்ளைக் கோட்டைத் தானே குனிந்து போடுவார்.
பந்தைத் தவறவிட்டவனுக்கு ஒரு சொல் இல்லை,
வீட்டில் சுட்ட ஆப்பிள் கேக்கில் ஒரு துண்டு.
அவருக்காக உயிரையும் கொடுப்போம் என்று
பெடியள் இரண்டாவது பியருக்குப் பிறகு சத்தியம் செய்தார்கள்.

நிரோஜன்: நான்கு தசம் ஐந்து.
உயிரைக் கொடுத்ததில் மிச்சம்
பத்தில் ஒரு வினாடி.

போடோவுக்கு நாற்பத்தொன்று,
கூரை வேலை, முழங்காலுக்குள் இரும்பு.
ஐந்து தசம் இரண்டு.
ஏச்சுக்கும் அதுவே, கேக்குக்கும் அதுவே.
ஏன் ஓடுகிறாய் என்று கேட்டேன்.
"பெற்றோல் காசு என்னுடையது," என்றான்,
"இவ்வளவு தூரம் வந்து நடக்கவா?"

பனிக்காலம் முழுக்க சமையலறை மேசையில்
இரண்டு வருடக் கணக்கையும் விரித்து வைத்தேன்.
ஓபர்பெக் தன் கடையில் கேட்பாரே,
இது தெளிவா, இல்லை இதுவா,
அப்படி ஒரு கண்ணை மூடி மாற்றி மாற்றிப் பார்த்தேன்.
இரண்டிலும் எழுத்து ஒரே அளவில் மங்கல்.

தேநீர் ஆறியபோதுதான்
என் பெருவிரல் ஞாபகத்துக்கு வந்தது.
க்ரும்மாகர் கத்தும் நாட்களில்
கால் தளத்தில் படமுன்பே அழுத்தியிருக்கிறேன்.
பாவம் பிள்ளைகள் என்று
ஆளுக்கொரு கண்ணிமை கொடுத்திருக்கிறேன்.
மற்றவரின் காலத்தில் என்ன அவசரம்,
கால் பட்டு, புழுதி கிளம்பி, அதற்குப் பிறகுதான்.
எவ்வளவு கொடுத்தேன், எவ்வளவு எடுத்தேன்
என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
ஓடினவர்களின் காலுக்குள் என்ன ஏறியதோ,
மனேஜரின் குணம்
என் கைக்குள் ஏறி இரண்டு வருடம் இருந்திருக்கிறது.

போன சனி பதினொன்றுக்கு இரண்டு,
கடைசிச் சுற்று, தூறல்.
கம்பிவேலிக்கு வெளியே க்ரும்மாகர் நின்றார்.
தொப்பி தலையிலேயே இருந்தது.
உள்ளே ஓபர்பெக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
ஒருவரும் ஒரு சத்தமும் போடவில்லை,
மேலே தொங்குரயில் மட்டும் வளைவில் கிறீச்சிட்டது.

நிரோஜன் அடித்தான்.
பந்து சோம்பலாய் உருண்டு நேரே எதிராளியின் கைக்குப் போனது.
ஓடினான்,
களவெடுத்தவன் மாதிரி.
யாரைப் பார்த்து ஓடுகிறான் என்று எழும்பி நின்று பார்த்தேன்.
தலை குனிந்திருந்தது. தெரியவில்லை.

ஆறாம் ஆளிடமிருந்து மூன்றாம் ஆளுக்கு, அவுட்.
பெட்டிக்குள் 6-3 என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்து ஈரக் கோட்டைக் கொழுவியபோது
பொக்கற்றுக்குள் கடிகாரம்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது:
ஒரு மணி, ஐம்பத்திரண்டு நிமிடம்,
பதினேழு, பதினெட்டு.